இடது தோள்மூட்டை மாற்றலாமா? கோண்டாவிலிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலைச் சேர்ந்த ஒரு மகள் தம் தாயாரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியையான அம்மாவுக்கு 71 வயது. இடது தோளில் மூன்று ஆண்டுகளாக வலி. கடந்த ஓராண்டாகக் கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்கவும் முடிவதில்லை. நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறார். 1995 இடப்பெயர்வின்போது பட்ட ஷெல் துண்டொன்று முதுகில் இன்னும் இருக்கிறது. கொழும்பில் பார்த்த என்பியல் சத்திரசிகிச்சை நிபுணர், தோளின் தசைநாண்கள் கிழிந்து மூட்டும் தேய்ந்துவிட்டது என்றும் ‘ரிவேர்ஸ்’ வகை மூட்டு மாற்றுச் செய்யலாம் என்றும் சொல்லியிருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வரும் அண்ணர் தம்முடைய விடுமுறைக்குள்ளேயே அதைச் செய்து முடித்துவிடலாம் என்கிறார். சின்னம்மாவோ, “இடக்கைதானே, சமாளிக்கலாம், இந்த வயதில் வெட்டுக்கொத்து எதற்கு” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, செய்தால் அதன்பின் வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்பவையே கேள்விகள்.

என்பியல் விடுதிகளில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற வகையில் எழுதுகிறேன். சத்திரசிகிச்சைக் கூடத்தில் இரண்டு மணித்தியாலத்தில் முடிகிற காரியத்தின் மிச்சத்தை மாதக்கணக்கில் பார்ப்பது எங்கள் வேலை. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் அம்மா இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பொருத்தமானவராகவே தெரிகிறார், ஆனால் அண்ணரின் விமானச்சீட்டை வைத்து அதற்கு நாள் குறிப்பது சரியல்ல. சின்னம்மா சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது, அந்தப் பாதி எது என்பதைக் கீழே சொல்கிறேன்.

தோள்மூட்டுத்தான் உடலில் மிக அதிகமாக அசையும் மூட்டு. மேற்கை என்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை என்பிலுள்ள ஆழமில்லாத ஒரு சிறு குழியோடு பொருந்தியிருக்கிறது. எந்த நிலையிலும் அந்தத் தலையின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இவ்வளவு தளர்வான மூட்டு நழுவாமல் நிற்பதற்குக் காரணம், அதைச் சுற்றிப் போர்த்தினாற்போல் ஒட்டியிருக்கும் நான்கு சிறு தசைகளின் நாண்கள். கையைத் தூக்கும் பெரிய தசை தோளின் வெளிப்புறத்திலுள்ள டெல்டொயிட். அது இழுக்கும்போது என்பின் தலை மேலே ஏறிவிடாதபடி நடுவில் பிடித்து வைப்பவை அந்த நான்கும். வயதோடு இந்த நாண்கள் நைந்து கிழிந்துபோனால், டெல்டொயிட் இழுக்கும் ஒவ்வொரு முறையும் தலை மேல்நோக்கி நகர்ந்து, மேலேயுள்ள என்புக் கூரையோடு உராயத் தொடங்கும். ஆண்டுக்கணக்கில் உராய்ந்தால் மூட்டுத் தேயும், கையும் எழாது. அம்மாவுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுவே. எக்ஸ்ரே படத்தில் தலை மேலேறி நிற்பது தெளிவாகவே தெரியும். உங்களிடமுள்ள படத்தை அடுத்த முறை வைத்தியரிடம் கொடுத்து அந்த இடத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

தோள் வலிக்கிறது என்பதற்காக எல்லாத் தோளையும் மாற்றுவதில்லை. குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் ஒரு நோய், எல்லோரும் ஃபுரோசன் ஷோல்டர் என்று சொல்வது, மிகச் சாதாரணமாக வரும். அதில் எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், கையை வைத்தியர் பிடித்துத் தூக்கினாலும் எழாது, ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலானோருக்குத் தானாகவே தளர்ந்துவிடும். அதற்கு மூட்டு மாற்று வேண்டியதில்லை. நாண் கிழிந்தவருக்கோ, மூட்டு மிகவும் இறுகிப்போகாத வரை, மற்றவர் தூக்கிவிட்டால் கை எழும், விட்டதும் விழும். கழுத்து என்பு தேய்ந்து நரம்பை அழுத்துவதாலும் தோளில் வலி வரலாம், ஆனால் அது பெரும்பாலும் முழங்கையைத் தாண்டி விரல்வரை போகும். இடது தோள் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: நடக்கும்போதோ படியேறும்போதோ வந்து, நின்றதும் குறைகிற வலி இருதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தால் தோளை மறந்துவிட்டு முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

மூட்டுத்தான் காரணம் என்று உறுதியான பிறகு, செய்வதா வேண்டாமா என்பதைப் படம் தீர்மானிப்பதில்லை. பார்க்கப் பயங்கரமான எக்ஸ்ரேயோடு தோட்டத்தில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டுகிறவர்களும் உண்டு, அதைவிடக் குறைந்த தேய்வோடு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. நான் கேட்கும் முதற் கேள்வி இரவைப் பற்றியது. அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடிகிறதா, வலியால் எத்தனை தடவை விழிப்பு வருகிறது, பனடோல் போடாமல் ஓர் இரவு கழிகிறதா? இரண்டாவது, கை செய்ய மறுக்கும் வேலைகளைப் பற்றியது. மூன்றாவது, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்பது. இந்தச் சத்திரசிகிச்சையின் முதற் பயன் வலி போவது. அசைவு கூடுவது இரண்டாவது. வலி பொறுக்கும்படி இருந்து கை எழவில்லை என்ற குறை மட்டும் உள்ளவருக்கு நான் அவசரப்படச் சொல்வதில்லை.

செய்து பார்க்க வேண்டியவை என்று நான் சொல்வது இவற்றைத்தான். பனடோலைத் தேவைக்கேற்ப ஒழுங்காக எடுப்பது. ஈரலும் எடையும் சரியாக உள்ள வளர்ந்தவர் ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக்கூடாது, மெலிந்தவருக்கு அதைவிடக் குறைவு. டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் பார்மசியில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதை, நீரிழிவுள்ள 71 வயதுக்காரரின் சிறுநீரகம் தாங்காது. டெல்டொயிட்டின் முன்பகுதியைப் பலப்படுத்தும் பயிற்சியை மூன்று மாதம் விடாமல் செய்தால், நாண் கிழிந்தவர்களிலும் சிலருக்குக் கை ஓரளவு எழத் தொடங்கும். மூட்டுக்குள் போடும் ஸ்டீரொயிட் ஊசி சில வாரமோ சில மாதமோ வலியைக் குறைக்கும். ஆனால் ஊசிக்குப் பின் சில நாள் சீனி ஏறும், அத்தோடு ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் தொற்று ஏற்படும் வாய்ப்புக் கூடும். ஆகவே அண்மையில் ஊசி போட்டிருந்தால் அந்தத் திகதியைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முறிவு நெரிவு வைத்தியரிடம் புக்கை கட்டுவது இங்கே பல குடும்பங்களின் வழக்கம். சூட்டினால் தசை இளகிச் சுகம் தெரியும், கிழிந்த நாண் அதனால் ஒட்டாது. புக்கையால் கெடுதலில்லை என்றாலும், கையைச் சுண்டி இழுத்து மூட்டை ‘ஏற்றிவிட’ யாரையும் அனுமதிக்காதீர்கள்.

இனிச் சின்னம்மாவின் பேச்சு. வலக்கைதான் எழுதுகிறது, சாப்பிடுகிறது, அகப்பை பிடிக்கிறது என்பது உண்மை. ஆனால் இடக்கை செய்யும் வேலைகளை யாரும் கணக்கெடுப்பதில்லை. தேங்காய் திருவும்போது வலக்கை அழுத்த, பாதியைத் தாங்கிச் சுழற்றித் தருவது மறுகை. கொண்டை போட இரண்டு கையும் தலைக்குப் பின்னால் போக வேண்டும். சேலையில் கொய்யகம் வைக்கும்போது ஒரு கை பிடிக்க மற்றது மடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் பழக்கத்தில் மலசலகூடத்தில் கழுவுவது இடக்கை. அது முடியாமல் போனதை அம்மாமார் வைத்தியரிடம் சொல்வதில்லை, மகனிடம் சொல்வதேயில்லை. மகளிடம்கூட மிகத் தயங்கியே சொல்வார்கள். ஆறுதலாகக் கேட்டுப் பாருங்கள். “சமாளிக்கிறேன்” என்ற பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். சின்னம்மா சொன்னதில் எனக்குச் சரியாகப் படும் பாதி, வயதைப் பற்றியதல்ல, அவசரத்தைப் பற்றியது. இந்த நிலையில் சில மாதம் பொறுப்பதால் பொதுவாகப் பெரிய நட்டம் வராது. விழுந்து மேற்கை என்பின் தலை துண்டு துண்டாக உடைந்த முதியவர்களுக்கு மட்டும் கதை வேறு. அங்கே இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

‘ரிவேர்ஸ்’ என்ற பெயர் பலரைக் குழப்புகிறது. சாதாரண தோள்மூட்டு மாற்றில் உருண்டையின் இடத்தில் உலோக உருண்டையும் குழியின் இடத்தில் பிளாஸ்ரிக் குழியும் வைப்பார்கள். அது வேலை செய்ய அந்த நான்கு நாண்களும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். நாண்கள் இல்லாதவருக்கு அதே மூட்டை வைத்தால் உலோக உருண்டையும் பழையபடி மேலேறி, பிளாஸ்ரிக் குழியின் ஒரு விளிம்பையே தட்டித் தட்டிக் கழற்றிவிடும். பிரான்சின் டிஜோன் நகரில் போல் கிராமொன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1985 இல் இதற்கொரு வழி கண்டார்: உருண்டையைத் தோள்பட்டை என்பிலும் குழியை மேற்கை என்பிலும் இடம் மாற்றிப் பொருத்தினார். இதனால் மூட்டின் சுழலும் மையம் உட்பக்கமாகவும் கை சற்றுக் கீழாகவும் நகர்கிறது. டெல்டொயிட் இழுபட்டு நின்று, நாண்களின் துணையில்லாமல் தனியே கையைத் தூக்க அதனால் முடிகிறது. தோளில் செயற்கை மூட்டு வைக்கும் முயற்சி அதற்கு மிகவும் முந்தியது. பாரிசில் ஜூல் எமில் பெயான் என்பவர் 1893 இல் பிளாட்டினமும் இறப்பரும் கொண்டு செய்த மூட்டொன்றைக் காசநோய் பிடித்த ஒரு தோளில் வைத்தார். தொற்றினால் சில காலத்தில் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. தொற்றுத்தான் இன்றைக்கும் நாங்கள் அஞ்சுகிற விடயம்.

டெல்டொயிட்டை நம்பிய சத்திரசிகிச்சை என்பதால் அந்தத் தசையும் அதற்குப் போகும் நரம்பும் உயிரோடு இருப்பது இங்கே அடிப்படை நிபந்தனை. எங்கள் பகுதியில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சன்னமோ ஷெல் துண்டோ தோள், அக்குள் பக்கம் பட்டவர்களில் சிலருக்கு அந்த நரம்பு அப்போதே அறுபட்டிருக்கும். தோளின் வெளிப்புறம் சதை வற்றித் தட்டையாக இருப்பதைக் கண்ணாலேயே காணலாம். அம்மாவின் துண்டு முதுகில் இருப்பதால் அந்தப் பயம் குறைவு. ஆனால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், பதிவு செய்யும் இடத்திலேயே துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடலுக்குள் உள்ள இரும்புத் துண்டு அந்தக் காந்தப் புலத்தில் அசையவோ சூடேறவோ கூடும். முதலில் அந்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அது எங்கே எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டு முடிவெடுப்பார்கள். ரிவேர்ஸ் மூட்டுக்கு நிபுணர் அறிய விரும்புவது பெரும்பாலும் தோள்பட்டைக் குழியில் எவ்வளவு என்பு மிஞ்சியிருக்கிறது என்பதை, அதற்கு சி.ரி. ஸ்கான் போதும், அதற்குத் துண்டு தடையில்லை.

அபாயத்தைப் பற்றி மழுப்பாமல் பேசுவோம். இங்கிலாந்தில் 1998 முதல் 2017 வரை செய்யப்பட்ட 58,000 க்கும் மேற்பட்ட தோள்மூட்டு மாற்றுகளைத் தொகுத்து 2019 இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதன்படி நியூமோனியா, மாரடைப்பு, இரத்தக்கட்டி முதலிய பாரதூரமான சிக்கல்கள் முதல் 30 நாளில் 3.5 சதவீதமானோருக்கும் 90 நாளில் 4.6 சதவீதமானோருக்கும் ஏற்பட்டன. மூட்டைத் திரும்பவும் மாற்ற வேண்டிவரும் வாய்ப்பு 55 முதல் 59 வயதுக்குள் செய்துகொண்ட ஆண்களில் நால்வரில் ஒருவருக்கு; வயது ஏற ஏற அது குறைந்து, 85 ஐத் தாண்டிய பெண்களில் 37 பேரில் ஒருவராகிறது. 71 வயது என்பது இந்தக் கணக்கில் அம்மாவுக்குச் சாதகமானது: பெரும்பாலும் இந்த ஒரு மூட்டே அவருடைய ஆயுளுக்குப் போதும். ரிவேர்ஸ் மூட்டுக்கே உரிய சிக்கல்கள் என்றால் மூட்டு நழுவுவது, தோளின் மேற்கூரை என்பில் மெல்லிய வெடிப்பு ஏற்படுவது, நரம்பு இழுபட்டுச் சில காலம் விரல்கள் மரத்துப்போவது ஆகியவற்றைச் சொல்ல வேண்டும்.

நாள் குறிப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்தான் அண்ணரின் திட்டத்தோடு முட்டுகின்றன. மூன்று மாத சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ1சி பரிசோதனையைச் செய்யுங்கள். பல இடங்களில் 8 க்குக் கீழே வந்தால்தான் மூட்டு மாற்றுக்கு எடுப்பார்கள். அது 9 இல் நின்றால் குறைக்க இரண்டு மூன்று மாதம் எடுக்கும், யாருடைய விடுமுறைக்காகவும் அது விரைந்து இறங்காது. சூத்தைப் பல் இருந்தால் முன்கூட்டியே பிடுங்கவோ அடைக்கவோ வேண்டும். காலில் ஆறாத புண், சிறுநீரில் கிருமி, இரத்தச் சோகை ஆகியவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அஸ்பிரினோ இரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரையோ எடுத்தால், எப்போது நிறுத்துவது, நிறுத்துவதா இல்லையா என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். அக்குள் பகுதியின் தோலில் இயல்பாகவே வாழும் ஒரு பக்டீரியாதான் தோள்மூட்டுத் தொற்றுகளுக்கு அதிகமாகக் காரணமாகிறது. அதனால் சில நிபுணர்கள் சத்திரசிகிச்சைக்கு முந்திய சில நாள் பென்சோயில் பெரொக்சைட் கலந்த பூச்சை அங்கே பூசிக் கழுவச் சொல்வார்கள். வீட்டில் சவரக்கத்தியால் மயிர் மழித்துவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சிறு கீறல்களே கிருமிக்கு வாசலாகும்.

அண்ணர் வருவது வேறு விதத்தில் பெரிய உதவி. அவர் நிற்கும் நாட்களில் நிபுணரிடம் எல்லோரும் சேர்ந்து போய், அவர் ஆண்டுக்கு எத்தனை ரிவேர்ஸ் மூட்டு வைக்கிறார், எந்தக் கம்பனியின் மூட்டு, இலவச வைத்தியசாலையில் செய்தால் மூட்டின் விலையை யார் கொடுப்பது, தனியாரில் என்றால் மூட்டும் மயக்க மருந்து நிபுணரின் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்கலாம். யாழ் போதனா வைத்தியசாலையின் என்பியல் கிளினிக்கிலும் படங்களைக் காட்டி இரண்டாவது அபிப்பிராயம் கேளுங்கள். பின்பு காயம் பார்க்கவும் பயிற்சிக்கும் எப்படியும் உள்ளூரில் ஒருவர் வேண்டும். அண்ணர் பணத்தை ஒழுங்கு செய்துவிட்டுத் திரும்பட்டும். அவர் இருக்கும்போதே வெட்டினால், தையல் வெட்டும் நாளில் அவர் விமானத்தில் இருப்பார், கடினமான வாரங்கள் அதற்குப் பிறகுதான் வரும்.

சத்திரசிகிச்சை நாளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முழு மயக்கத்தோடு, கழுத்தடியில் நரம்பை மரக்கச் செய்யும் ஓர் ஊசியும் போடுவார்கள். அதனால் 12 முதல் 24 மணித்தியாலம் வரை கை தன்னுடையதில்லாததுபோல் கிடக்கும், குரல் சற்றுக் கரகரக்கலாம். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் அதைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் மூச்சுத் தசைக்குப் போகும் நரம்பும் சில மணித்தியாலம் மரக்கும். மரப்பு விடுவது பெரும்பாலும் நடுச்சாமத்தில், விட்டதும் வலி ஒரேயடியாக ஏறும். ஆகவே வலியில்லை என்று மாத்திரையைத் தள்ளிப் போடாமல், சொன்ன நேரத்துக்கு எடுக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று நாளில் வீட்டுக்கு விடுவார்கள். கொழும்பில் செய்தால், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்துக்கு இரவு பஸ்சில் உடனே ஏறிவிடாமல், வெள்ளவத்தையிலோ வேறெங்கோ சொந்தக்காரர் வீட்டில் காயம் பார்த்துத் தையல் வெட்டும் 10 முதல் 14 நாள் வரை தங்குவது நல்லது. திரும்பும்போது வாகனத்தை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி நடக்க வைக்க வேண்டும். வைத்தியசாலை தரும் டயக்னோசிஸ் காட்டில் மூட்டின் வகையும், கையை எப்போது எவ்வளவு அசைக்கலாம் என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று வார்டை விட்டு வெளிக்கிட முன்னமே பாருங்கள். அது இல்லாமல் இங்கே வந்தால் இயன்மருத்துவர் ஊகித்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

இனி வீடு. ஸ்லிங் எனப்படும் கைத்தாங்கிப் பட்டியை நிபுணரின் வழக்கப்படி மூன்று முதல் ஆறு வாரம் வரை, இரவிலும், போட்டிருக்க வேண்டும். பாயை விரித்துத் தரையில் படுப்பதை அந்தக் காலத்துக்கு மறந்துவிட வேண்டும், ஏனென்றால் கை ஊன்றாமல் எழும்ப முடியாது. முதல் வாரங்களில் சாய்மனைக் கதிரையிலோ, முதுகுக்குத் தலையணை அடுக்கிய கட்டிலிலோ பாதி சாய்ந்து உறங்குவதுதான் இலகு. முழங்கைக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து, அது முதுகுப் பக்கம் சரியாமல் பாருங்கள். நாங்கள் நோயாளருக்குச் சொல்லும் கணக்கு இது: படுத்தபடியே கண்ணைத் தாழ்த்தினால் உங்கள் முழங்கை உங்களுக்குத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அது பின்னால் போய்விட்டது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ரிவேர்ஸ் மூட்டு நழுவும் நிலை ஒன்று உண்டு: முழங்கை உடலுக்குப் பின்னால் போய், கை உட்புறம் திரும்பி, முதுகுப் பக்கம் நிற்பது. சேலையைப் பின்னால் செருகுவதும், பாவாடை நாடாவைப் பின்புறம் சரிசெய்வதும், கதிரையின் கைப்பிடியை அழுத்தி எழும்புவதும் இந்த நிலைக்கே கொண்டுபோகும். மலசலகூடத்தில் பின்பக்கமாக இடக்கையை விட்டுக் கழுவுவது அப்பட்டமாக இந்த நிலைதான். முதல் 12 வாரத்துக்கு அது கூடவே கூடாது. ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்பே வீட்டில் கொமோட்டும், கையில் பிடித்துத் தண்ணீர் அடிக்கும் பிடே ஷவரும் பொருத்தி, வலக்கையால் பிடித்துக் கழுவ அம்மாவைப் பழக்குங்கள். சாப்பிடும் கையால் அதைச் செய்வதா என்ற அருவருப்பு எங்கள் மூத்தவர்களுக்கு மிக ஆழமானது. தண்ணீர் அடித்துவிட்டுத் துணியால் ஒற்றிச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால் போதும் என்று பொறுமையாகச் சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டும். குந்தும் மலசலகூடம் மட்டும் உள்ள வீட்டில், மேலே வைக்கும் பிளாஸ்ரிக் கொமோட் கதிரை ஒன்றை வாங்கலாம். விடுதியில் யாரும் வாய்விட்டுக் கேட்காத இந்த விடயத்தால் மூட்டு நழுவித் திரும்பி வருவதைவிட, இப்போதே வெட்கத்தை விட்டுப் பேசுவது எவ்வளவோ மேல்.

எங்கள் வெயிலில் ஸ்லிங்குக்குள் அக்குள் வியர்த்து ஊறும், நீரிழிவு உள்ளவருக்கு அங்கே பங்கசு பிடிக்கவும் கூடும். தினமும் ஒரு தடவை ஸ்லிங்கைக் கழற்றி, வலக்கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு அம்மாவை முன்பக்கம் குனியச் சொல்லுங்கள். இடக்கை தானாகத் தொங்க, அக்குள் திறக்கும். ஈரத் துணியை மெல்ல உள்ளே விட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள்; கையைப் பிடித்து வெளியே தூக்க வேண்டாம். காயம் ஆறும்வரை கிணற்றடியில் தலைக்கு அள்ளி வார்ப்பது வேண்டாம், இடுப்புக்குக் கீழே கழுவினால் போதும். சட்டை போடும்போது இடக்கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும்; முன்பக்கம் ஊக்குள்ள தொளதொளத்த சட்டை இரண்டு மூன்று தைத்து வைத்திருங்கள். சாப்பாட்டில் கிரந்தி என்று மீன், முட்டை, இறால் எல்லாவற்றையும் நிறுத்திப் பத்தியக் கஞ்சியோடு விடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. காயம் ஆறப் புரதம் வேண்டும். ஒவ்வாமை இல்லாத மீனும் முட்டையும் பருப்பும் தாராளமாகக் கொடுங்கள். வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கல் தரும், கீரையும் தண்ணீரும் அதற்காகவே.

பயிற்சி முதல் நாளிலேயே தொடங்கும், ஆனால் தோளில் அல்ல. விரல்களை மடக்கி நீட்டுவது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை மடக்கி நீட்டுவது ஆகியவற்றை நாளுக்குப் பல தடவை செய்யாவிட்டால் கை வீங்கி விறைக்கும். அதன்பின் நிபுணர் அனுமதித்ததும், குனிந்து கையைத் தொங்கவிட்டு உடலை ஆட்டுவதால் கை ஊஞ்சலாடும் பயிற்சி. இங்கே அசைய வேண்டியது உடம்பு. கையைத் தானாக ஆட்டக்கூடாது. ஆறாவது வாரமளவில் எக்ஸ்ரே பார்த்து, வலக்கையின் துணையோடு இடக்கையைப் படுத்தபடி உயர்த்தத் தொடங்குவோம். பிறகு துணையில்லாமல், பிறகு இருந்தபடி. 12 வாரத்துக்குப் பிறகுதான் ரப்பர் பட்டி இழுப்பது போன்ற பலப்பயிற்சி. முதல் ஆறு வாரம் அந்தக் கை தேநீர்க் கோப்பைக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. ‘ஏலாமல் கிடக்கிறதே’ என்று நல்லெண்ணெய் தடவி இழுத்துவிட வரும் அயலவரை வாசலிலேயே அன்போடு திருப்பி அனுப்புங்கள். நாலாவது ஐந்தாவது வாரத்தில் வலி நன்றாகக் குறைந்து, அம்மா ஸ்லிங்கைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குள் நுழையப் பார்ப்பார். நான் பார்த்தவரை ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இதில் மோசமான மாணவிகள்.

காயத்திலிருந்து நீர் கசிவது, காய்ச்சல், கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி நோவது, மூச்சுத் திணறல், தோளின் வடிவம் திடீரென மாறிக் கை அசையாமல் போவது ஆகியவற்றுக்கு அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நான் மேலே சொன்ன தோல் பக்டீரியா வேறு குணமுடையது: காய்ச்சலோ சீழோ இல்லாமல், நன்றாக வந்துகொண்டிருந்த தோள் பல மாதம் கழித்து மந்தமாக நோகத் தொடங்கி இறுகிப்போவதுதான் அதன் அடையாளம். அப்படியானால் பயிற்சி போதவில்லை என்று நீங்களே முடிவு செய்யாமல் நிபுணரிடம் காட்டுங்கள்.

முடிவில் என்ன கிடைக்கும் என்பதையும் அம்மாவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரவு வலி பெரும்பாலானோருக்குச் சில வாரத்திலேயே பழையதாகிவிடும். கை மெல்ல மெல்ல எழும். ஆறு மாதத்தில் பெரும்பங்கு வந்துவிடும், ஓராண்டுவரை இன்னும் கொஞ்சம் கூடும். நல்லூரானுக்கு முன்னால் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக் கும்பிடுவது பலருக்குச் சாத்தியமாகிறது. முதுகில் மேலே எட்டுவது முழுதாக வருவதில்லை, கொண்டை போடுவது சிலருக்கு வரும், சிலருக்குக் கடைசிவரை மகளின் உதவி வேண்டியிருக்கும். 12 வாரத்துக்குப் பிறகு இடக்கையால் கழுவ முடியுமா என்பதை இயன்மருத்துவரோடு பழகிப் பார்க்க வேண்டும், முன்பக்கமாகக் கையை விட்டுச் செய்யும் முறை பலருக்குக் கைகொடுக்கிறது. கப்பியில் வாளி இழுப்பது, உலக்கை போடுவது, அரிசி மூட்டை தூக்குவது ஆகியவை இனி இல்லை. சந்தைப் பை வலக்கையில் போகட்டும். விழாமல் பார்ப்பதுதான் மிக முக்கியம், ஏனென்றால் செயற்கை மூட்டின் கம்பிக்குக் கீழே என்பு முறிந்தால் அதைச் சீர்செய்வது முதற் சத்திரசிகிச்சையைவிடக் கடினம். கிணற்றடிப் பாசியையும் குளியலறையின் ஈரத் தரையையும் இப்போதே கவனியுங்கள்.

பல் வைத்தியரிடம் போகும்போதும் வேறு எந்தச் சத்திரசிகிச்சைக்கு முன்பும் செயற்கை மூட்டு இருப்பதைச் சொல்ல வேண்டும். அண்ணரைப் பார்க்கக் கனடா போகிற காலம் வந்தால், கட்டுநாயக்கவில் கருவி கீச்சிடக்கூடும். டயக்னோசிஸ் காட்டின் பிரதியொன்றைக் கைப்பையில் வைத்திருந்தால் அங்கே நின்று விளக்கம் சொல்லும் சிரமம் இருக்காது.